நுரைக்குள் ஒரு மஸ்அலா

பழைய ஷேவிங் பிரஷ் ஒன்றின் பிடியைத் திருப்பிப் பார்த்தால், தேய்ந்த எழுத்தில் 'பியூர் பிரிஸில்' என்று பொறித்திருக்கும். முதலில் கண்ணில் படுவது 'பியூர்', அதாவது சுத்தம். ஆனால் பிரஷ் வியாபாரத்தில் 'பிரிஸில்' என்றாலே பன்றி மயிர்தான். வேறு மயிர் கலக்காத பன்றி மயிர் என்பதே அந்த முத்திரையின் பொருள். கிழக்கிலங்கைக் கரையோரத்தின் கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஜும்ஆவுக்கு முன் முகம் வழிக்க உட்காரும் ஒருவர் இதை அறிந்தால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

நுரை கட்டத் தெரிந்தவர்கள் அந்தப் பிரஷை விரும்பியதற்குக் காரணம் உண்டு. பன்றி மயிர் தண்ணீர் குடிக்கும். வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறினால் விறைப்பு இளகும். உதறிவிட்டுச் சவர்க்காரத்தின் மேல் அரை நிமிடம் சுழற்றினால் முதலில் வருவது நுரை அல்ல, பசை. அவசரக்காரர் அதையே பூசிக் கத்தியை வைப்பார், எரியும். கைப்பழக்கம் உள்ளவர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சுற்றுவார், பிறகு இன்னும் இரண்டு சொட்டு. குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாமல் சிறுத்து, நுரை கட்டித் தயிர்போல மினுங்கத் தொடங்கும்போதுதான் கத்தி வழுக்கிப் போகும். பொங்கி நிற்கும் நுரை பார்வைக்கு அழகு; அதில் பெரும்பகுதி காற்று.

தண்ணீரும் ஒத்துழைக்க வேண்டும். கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் சவர்க்காரம் திரிந்து வெள்ளைக் கசடாகிவிடும். 2004 சுனாமி இந்தக் கரையோரத்துக் கிணறுகளுக்குள் கடலையே கொண்டுவந்து கொட்டியது. சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுச் சவரம் செய்வது நாக்குக்குச் சுகமான தொடர், முகத்துக்கு அல்ல.

இனி மஸ்அலாவுக்கு, அதாவது மார்க்கச் சட்டக் கேள்விக்கு வருவோம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (சட்ட மரபில்) பன்றி முழுவதும் நஜிஸ் (அசுத்தம்), மயிர் உட்பட. காய்ந்த மயிரைக் காய்ந்த கை தொட்டால் ஒன்றுமில்லை. ஈரம் இடையில் வந்தால் தொட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். ஷேவிங் பிரஷின் வேலையே ஈரத்தில்தான். மண்ணுக்குப் பதில் சவர்க்காரம் போதாதா என்று கேட்டால், மத்ஹபின் பிரதான கருத்து போதாது என்கிறது. முகமெல்லாம் நுரையோடு இருப்பவருக்கு இது சற்றுக் கடுமையான பதில்தான்.

பன்றியைத் தொட்டால் உளு (தொழுகைக்கான சுத்தம்) முறிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். அது முறியாது, பட்ட இடத்தைக் கழுவுவது மட்டுமே கடமை. அந்தக் கழுவலிலும் மத்ஹபுக்குள் ஒரே குரல் இல்லை. ஏழு தடவை என்பது நாயைப் பற்றிய ஹதீஸிலிருந்து பன்றிக்கு நீட்டப்பட்ட ஒப்பீடு. 13ஆம் நூற்றாண்டின் இமாம் நவவி, பன்றிக்கு ஒரு தடவை கழுவினாலே போதும் என்ற கருத்தே ஆதாரத்தில் வலுவானது என்று பதிந்திருக்கிறார். மத்ஹபின் தூண்களில் ஒருவரே இப்படி எழுதியிருப்பது பலருக்குத் தெரியாது.

மருத்துவத்தின் சுத்தக் கணக்கு வேறு. முதல் உலகப் போர்க் காலத்தில் குதிரை மயிரைச் சரியாகக் கிருமி நீக்காமல் ஷேவிங் பிரஷ் கட்டி விற்றார்கள். 1915க்கும் 1924க்கும் இடையில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 200க்கும் மேற்பட்டோருக்கு அந்த்ராக்ஸ் தொற்றியது. ஷாபிஈ மத்ஹபில் குதிரை ஹலால். உயிரோடு நிற்கும் குதிரையிலிருந்து கத்தரித்த மயிர் சுத்தம். அதே மயிர் மருத்துவரிடம் கொலைகாரன். நன்றாகக் கொதித்த பன்றி மயிரில் மருத்துவருக்குக் குறை தெரியாது, பிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞருக்கு அது கடைசிவரை நஜிஸ். ஆகவே பிக்ஹு பேசும் சுத்தத்தைக் கிருமிக் கணக்காக விளக்கிவிட முடியாது. அப்படி விளக்கப் பார்க்கும் பயான்கள் (மார்க்கச் சொற்பொழிவுகள்) தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்துகின்றன.

பிரஷைவிடச் சிக்கலானது சவர்க்காரம். பல ஷேவிங் சவர்க்காரங்களின் அடிப்படை மாட்டுக் கொழுப்பு. பெட்டியில் 'சோடியம் டாலோவேட்' என்றிருக்கும். முறைப்படி அறுக்காத மாட்டின் கொழுப்பு நஜிஸ். காரத்தோடு காய்ச்சினால் கொழுப்பு மறைந்து இன்னொரு பொருள் பிறக்கிறது. பொருளே மாறினால் தீர்ப்பும் மாறுமா? மாறும் என்கிறது ஹனபி மத்ஹப். 1836இல் காலமான டமஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீனின் நூலில் இதற்கு ஒரு விபரீத உதாரணம் வருகிறது: சவர்க்காரக் கொப்பரையில் ஒரு நாய் விழுந்து, அதுவும் சவர்க்காரமாகவே ஆகிவிட்டால், அது சுத்தம். நாய் இப்போது இல்லை, இருப்பது சவர்க்காரம். ஷாபிஈகள் இதை ஏற்பதில்லை. மது தானாக வினாகிரியாவது, தோல் பதனிடுவது போன்ற ஒருசில மாற்றங்களுக்கே அவர்களிடம் சலுகை. பதனிடுவதிலும் நாய், பன்றித் தோலுக்கு அது கிடையாது.

ஆனால் பிரஷுக்கு இந்த வாதம் உதவாது. மயிர் மயிராகவே இருக்கிறது. ஹனபிகள் பன்றி மயிருக்கு வேறு வாசல் திறந்தார்கள்: செருப்பும் தோலுறையும் தைப்பவர் ஊசி முனைபோல அதைப் பயன்படுத்தலாம், ஏனெனில் அந்த வேலைக்கு அப்போது வேறு பொருள் இல்லை. ஷாபிஈகளிடமும் ஒரு சம்பவம் உண்டு. 10ஆம் நூற்றாண்டின் அபூ ஸைத் அல்மர்வஸீ பன்றி மயிரால் தைத்த தோலுறையோடு ஸுன்னத்தான உபரித் தொழுகைகளைத் தொழுதார். பர்ளான கட்டாயத் தொழுகைக்கு மட்டும் கழற்றிவிட்டார். மாணவர் கப்பால் காரணம் கேட்டபோது, காரியம் நெருக்கடியானால் அதற்கே விசாலம் பிறக்கும் என்ற கருத்தில் பதிலளித்தார். தர்க்கப்படி இது அரைகுறை. ஆயினும் அந்த அரைகுறையில் ஒரு நேர்மை இருக்கிறது: சட்டத்தையும் அவர் வளைக்கவில்லை, தேவையையும் மறைக்கவில்லை.

பிடியில் ஒன்றும் எழுதாத பிரஷ் கிடைத்தால்? இமாம் மாலிக்கின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. பயணத்தில் நபித்தோழர்கள் ஒரு நீர்த்தடாகத்தை அடைந்தபோது, இங்கே கொடிய விலங்குகள் தண்ணீர் குடிக்க வருமா என்று உரிமையாளரிடம் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) கேட்டார். உடனே உமர் (ரழி) குறுக்கிட்டு, எங்களுக்குச் சொல்லாதே என்றார். உறுதியில்லாத அசுத்தத்தைத் துருவித் தேடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. மலேசியா இதற்கு நேர்மாறு. அங்கே பன்றி, நாய் உறுப்புகளால் செய்த பொருட்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2013இல் ஓர் ஆணை வந்தது. 2017 பெப்ரவரியில் அதிகாரிகள் 2,000க்கும் அதிகமான பெயின்ட் பிரஷ்களைக் கைப்பற்றினார்கள். தடாகத்துக்கும் கடைக்கும் வித்தியாசம் இருக்கிறது. தடாகத்தில் எது வந்து குடித்தது என்று சொந்தக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்; பிரஷ் செய்தவருக்கு மயிர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். தெரிந்ததை மறைப்பதற்கு உமரின் பேச்சைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

 

நைலான் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது பல்துலக்கும் பிரஷாக, 1938இல். அதுவரை அங்கேயும் பன்றி மயிர்தான். இன்று மலிவான ஷேவிங் பிரஷ்களிலும் செயற்கை இழை உண்டு. செருப்புத் தைப்பவருக்குக் கொடுத்த சலுகை, நல்ல ஊசிகள் வந்தபின் தேவையில்லை என்று ஹனபி நூல்களே சொல்லிவிட்டன. ஷேவிங் பிரஷில் அந்த ஊசியின் வேலையைச் செயற்கை இழை செய்திருக்கிறது. இது தண்ணீரைக் குடிக்காது, இழைகளுக்கு நடுவில் மட்டும் பிடித்து வைக்கும். அதனால் ஊறப்போடத் தேவையில்லை. நன்றாக உதறிவிட்டு, தண்ணீரை முன்னைவிடக் குறைவாக, சொட்டுச் சொட்டாகவே சேர்க்க வேண்டும். பிரஷின் பிடியை இப்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. சவர்க்காரப் பெட்டியைத் திருப்பி 'டாலோவேட்' என்ற சொல்லைத் தேடுகிறவரும் அபூர்வம்.