சொல்லும் ஒரு கடனே

 

நாம் பெரிய ஆலிம் இல்லை. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கல்லாவில் உட்கார்ந்து தெரிந்து கொண்டதுமே எமது கல்வி. ஆனாலும் எமது கடையில் நடந்த ஒரு காரியம் நெஞ்சை அறுத்துக் கொண்டிருப்பதால் அதை உங்கள் முன் வைக்கிறோம்.

இங்கிலாந்துக் கால்பந்தாட்டம் நடக்கும் இரவுகளில் நம் சாப்பாட்டுக் கடைகளில் எவ்வளவு கூட்டம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஓர் இரவு, கறுப்பு நிறத்து ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தவறவிட்டார். உடனே நம்மவர் ஒருவர், நீண்ட நாள் வாடிக்கைக்காரர், அந்த ஆட்டக்காரரின் நிறத்தையும் ஒரு மிருகத்தின் பெயரையும் சேர்த்து மலாயில் உரக்கக் கூவினார். மேசை முழுதும் சிரித்தது. கல்லாவில் இருந்த நாமும் சிரித்தோம்.

தூணுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் ரொட்டி சானாய் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். ஜும்ஆவில் நம்மோடு ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர். பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். காசைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். எப்போதும் சொல்லும் ஸலாமைச் சொல்லாமல் போய்விட்டார்.

“அவரையா சொன்னோம்? திரையில் ஓடுகிறவனைத்தானே சொன்னோம்! விளையாட்டுப் பேச்சுக்கு இவ்வளவு ரோஷமா?” என்றார் கூவியவர். எமக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. திரையில் இருப்பவர் காதில் அது விழாது. பெஞ்சில் இருப்பவர் காதில் விழும் என்பது பிறகுதான் உறைத்தது.

சகோதரர்களே, ‘கெட்ட எண்ணம் இல்லை’ என்ற பதிலைக் கால்பந்து உலகமே விசாரித்துப் பார்த்திருக்கிறது. 2011 அக்டோபரில் லிவர்பூல் அணியின் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் எவ்ராவைக் கறுப்பரென்று குறிக்கும் ஸ்பானியச் சொல்லால் சண்டைக்கு நடுவே அழைத்தார். எங்கள் உருகுவே நாட்டில் அது சாதாரணச் சொல் என்றார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அதை ஏற்கவில்லை. 8 ஆட்டங்களுக்குத் தடையும் 40,000 பவுன் அபராதமும் விதித்தது.

அதே உருகுவே நாட்டைச் சேர்ந்த கவானி, 2020 நவம்பரில் தம் அணிக்கு இரண்டு கோல் போட்டு வெற்றி தேடித் தந்தார். வாழ்த்திய நண்பருக்கு நன்றி சொல்லும்போது அதே வகைச் சொல்லைச் செல்லமாக எழுதிவிட்டார். வெறுப்பு துளியும் இல்லை. ஆயினும் 3 ஆட்டத் தடை, 100,000 பவுன் அபராதம். அது மிதமிஞ்சிய தண்டனை என்று அவர் நாட்டார் வாதாடினார்கள். அதில் நியாயம் உண்டா இல்லையா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் கவானி என்ன செய்தார்? எழுதியதை அழித்தார், மன்னிப்புக் கேட்டார், தண்டனையை ஏற்றுக் கொண்டார்.

‘எமது நிய்யத் சுத்தமானது’ என்று சொல்வோர் நம்மிலும் உண்டு. நிய்யத் நமக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. காயம் பட்டவருடைய கணக்கு வேறு; அது ஹக்குல் இபாத். தன் சகோதரனின் மானத்துக்குத் தீங்கு செய்தவன், தீனாரும் திர்ஹமும் செல்லாத அந்த நாள் வருமுன், இன்றைக்கே அவனிடம் பொறுப்புக் கேட்டுத் தீர்த்துக் கொள்ளட்டும் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். வியாபாரிகளாகிய நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கடன் வைத்தவன் மனத்தில் நல்ல எண்ணம் இருந்தால் கடன் அடைந்துவிடுமா?

ஹஜ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அவ்விதம் ஏசப்பட்டவர் பிலால் (ரலி) அவர்களே என்றும் சில அறிவிப்புகளில் வருகிறது. நபிகளார் என்ன சொன்னார்கள்? உம்மிடம் ஜாஹிலிய்யத்தின் குணம் இன்னும் இருக்கிறதே என்று கண்டித்தார்கள். எவ்வளவு பெரிய ஸஹாபி! அவரையே விடவில்லை. உங்கள் ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணவும் உடுப்பதை உடுக்கவும் கொடுங்கள் என்றும் போதித்தார்கள். அதன் பின் அபூதர் (ரலி) அவர்கள் தாம் உடுத்தியது போன்ற ஆடையையே தம் ஊழியருக்கும் உடுத்தி வைத்திருந்ததைக் கண்டவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தவறைத் திருத்துவதென்றால் அப்படியல்லவா திருத்த வேண்டும்!

நம் கதையையே பாருங்கள். பினாங்கில் 1801-ல் உண்டான கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நம்மவர் தலைவர் காதர் மொகிதீன் அவர்களின் பெயர் சொல்லி நிற்கிறது. அங்கே அந்தச் சொல் மரியாதையான பெயர். அதே சொல்லை நடுத்தெருவில் நம் பிள்ளையின் முகத்தில் எறிந்தால்? “பழைய காலத்துச் சொல்தானே” என்று சொன்னால் நம் மனம் ஆறிவிடுமா? நாம் ஒப்புக்கொள்ளாத சாக்கைப் பிறரிடம் எப்படி நீட்டுவது?

இன்னொரு பாடமும் உண்டு. 2011 டிசம்பரில் லிவர்பூல் ஆட்டக்காரர்கள் சுவாரெஸின் படம் போட்ட சட்டை அணிந்து அவர் பக்கம் நின்றார்கள். நம் ஆள் என்பதால் நின்றார்கள். அவர்களில் ஒருவரான கேரகர், 2019-ல் தொலைக்காட்சியில் எவ்ராவின் எதிரே அமர்ந்து, தாங்கள் செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். எட்டு வருடம் ஆயிற்று! நம் வாடிக்கைக்காரர் என்பதால் நாம் சிரித்தோமே, அதுவும் இந்த அஸபிய்யத்தின் சிறு கிளைதான்.

நாம் மூன்று ஜும்ஆ அந்த மாணவரைத் தேடினோம். நாலாவது வாரம் கண்டோம். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டோம். பரவாயில்லை என்றார், ஸலாம் சொன்னார். இன்றுவரை கடைக்கு வரவில்லை. அது அவர் உரிமை. அடைத்த கடனுக்கும் வடு உண்டு.

இப்பொழுது ஆட்டம் நடக்கும் இரவில் யாராவது அப்படி வாய் திறந்தால், “அண்ணே, அந்தப் பேச்சு இந்தக் கடையில் வேண்டாம்” என்று கல்லாவிலிருந்தே சொல்லிவிடுகிறோம். முதல் தடவை சொல்ல நாக்கு கூசியது. ஒருவர் கோபித்துக் கொண்டு போயும் விட்டார். ரிஸ்க்கு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. சமையல் கட்டில் வேலை செய்யும் அயல்நாட்டுப் பிள்ளைகளை நாமே தமிழில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதையும் அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். அதையும் நிறுத்தினோம்.

கடையின் தராசைச் சரிபார்ப்பது போல் நாவையும் சரிபார்த்துக் கொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.