மிச்சமும் எச்சிலும்

டிசம்பர் 26ஆம் நாளைத் திருச்சபை புனித ஸ்தேவானின் விழாவாகக் கொண்டாடுகிறது. நம் இல்லங்களிலோ அது மீந்த பிரியாணியின் நாள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கிரேக்க மொழி பேசியோரின் கைம்பெண்கள் அன்றாட உணவுப் பங்கீட்டில் புறக்கணிக்கப்படுவதாக எருசலேமில் முறையீடு எழுந்தது. அதைச் சீர்செய்யத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரில் முதலாவதாகப் பெயர் சொல்லப்படுபவர் ஸ்தேவான். சோறு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று பார்ப்பதற்காக நியமிக்கப்பட்டவரின் நாளில், நாம் நம் பானைகளைத் திறந்து பார்க்கிறோம்.

மீந்ததை வீணாக்காத அறிவு நம் பெண்களுக்குக் கைவந்த கலை. ஆறிப்போன இட்லியை உதிர்த்துக் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் உப்புமா. இடியாப்பத்துக்கும் அதே வழி. சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் பழையது; குழைந்த சோற்றை உப்பும் சீரகமும் சேர்த்துப் பிசைந்து வெயிலில் கிள்ளி வைத்தால் வடகம். கறிக்குழம்பைச் சுண்டவைத்தால் முதல் நாளைவிட மறுநாள் சுவை கூடுகிறது. நெல்லை, குமரிப் பக்கங்களில் கல்யாண வீட்டுச் சாம்பாரையும் அவியலையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டு ஆக்கும் பழங்கறிக்காகவே மறுநாளும் தங்கிவிடும் உறவினர்கள் உண்டு. கோவாவின் கத்தோலிக்க இல்லங்களில் விழாவுக்குச் சமைக்கும் சொர்பத்தேல், வினிகர் ஊறிப் பல நாள் வைத்து உண்ணவே ஆக்கப்படுவது. (இவற்றையெல்லாம் புகழ்ந்து உண்ணும் ஆண்கள், அடிபிடித்த அண்டாவைத் தேய்க்க வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். சோற்றில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் சமையலின் வெப்பத்தில் சாவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே, இரவெல்லாம் அடுப்படியில் கிடந்த பிரியாணியை மறுநாள் மாலை வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பது, நம் பிள்ளைக்குக் கொடுக்க அஞ்சுவதை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுப்பதாகும். அதற்குத் தருமம் என்று பெயரிட எனக்கு நாவெழவில்லை.

கெடாத உணவாகவே இருக்கட்டும். மீந்ததைக் கொடுப்பது தருமம்தானா? நம் மொழி மிச்சம் என்றும் எச்சில் என்றும் இரு சொற்களை வைத்திருக்கிறது. பானையில் நிற்பது மிச்சம்; ஒருவர் கைபட்டு இலையில் நிற்பது எச்சில். இந்த வேறுபாட்டை அறிந்த நம் சமூகம்தான், பந்தி முடியும்வரை சில சாதியாரைப் பின்வாசலில் காக்க வைத்து, எச்சிலையும் மிச்சத்தையும் ஒன்றாகவே அவர்கள் ஏனத்தில் கொட்டியது. கத்தோலிக்க வீடுகளின் பின்வாசல்கள் இதற்கு விலக்காக இருந்தன என்று நம்மால் சொல்ல இயலாது. வாங்கியவர் பசியாறினார் என்பது உண்மை. தான் யார் என்று ஒவ்வொரு பிடியிலும் அவருக்கு உணர்த்தப்பட்டது என்பதும் உண்மை.

வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் மிச்சிலைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் அதை உண்பவர் யார்? இரவலர் அல்லர், வீட்டுக்காரர். விருந்தினரை உண்பித்துவிட்டு எஞ்சியதை உண்பவரையே அவர் பாராட்டுகிறார். நாம் அம்முறையைத் தலைகீழாக்கி, முதலில் நாம் உண்டு, எஞ்சியதை ஏழைக்கு ஒதுக்கினோம்.

லேவியர் நூலின் சட்டமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும். சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. அது எளியவருக்கும் அந்நியருக்கும் உரியது. அறுவடை வீட்டுக்கு வந்தபின் பார்த்துக் கொடுப்பதன்று அது, அறுக்கும் முன்னரே விடப்படும் பங்கு. ரூத்து அதைக் கைநீட்டிப் பெறவில்லை. தன் கையால் பொறுக்கினாள். செல்வரும் இலாசரும் உவமையில் நிலைமை வேறு. மேசையிலிருந்து விழுவதை உண்ண இலாசர் ஏங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். அது அவருக்குக் கிடைத்தது என்று எழுதவில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, “சாமி, அப்படியானால் கொட்டிவிடச் சொல்கிறீர்களா?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்து போனது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024இல் கணக்கிட்டது. எறியப்படும் உணவு ஏழையின் மேசையிலிருந்து திருடியதற்கு ஒப்பாகும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். அப்பங்கள் பலுகியபின் துணுக்குகளைச் சேர்க்கச் சொன்னவர் இயேசுவே. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஆனால் அங்கே அனைவரும் வயிறார உண்டபின்னரே கூடை எடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். திருமண மண்டபத்தில் இலைக்கு வராத சோற்றை அன்றிரவே சூடு ஆறுமுன் ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்க்கும் இளைஞர்களை நான் மனதார வாழ்த்துகிறேன். அவர்கள் கொண்டுசெல்வது மிச்சம், எச்சில் அன்று.

நம் பீடத்திலேயே இதற்கு ஒரு முறை உண்டு. திருப்பலியில் எஞ்சிய நற்கருணை பேழையில் வைக்கப்படுவது முதன்மையாக நோயாளருக்காகவும் சாகும் நிலையில் இருப்போருக்காகவும். இரண்டாம் நூற்றாண்டிலேயே, வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அதை எடுத்துச் சென்றதாகப் புனித யுஸ்தீன் எழுதியுள்ளார். படுக்கையில் கிடக்கும் மூதாட்டிக்குக் கொண்டுபோவது அவருக்கென வைத்த பங்கு. அதை மீந்தது என்று யாரும் சொல்வதில்லை.

இதை அன்பியக் கூட்டங்களில் சொல்லும்போது, அண்டா திறந்தவுடன் முதல் தூக்குச்சட்டியை நிரப்பி அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பந்தி போடுங்கள் என்கிறேன். பலர் செய்கிறார்கள். அப்படி அனுப்பியபின்னும் மறுநாள் வீட்டில் ஏதேனும் எஞ்சத்தான் செய்யும். அதை இதுவரை பெரும்பாலும் தாய்மாரே தனியாக அடுப்படியில் உண்டு தீர்த்திருக்கிறார்கள், வீணாகக் கூடாதே என்று. அந்தச் சுண்டிய குழம்பையும் உதிர்த்த இட்லியையும் இந்த ஆண்டு நடுவீட்டுக்குக் கொண்டுவந்து, தந்தையும் பிள்ளைகளும் அவரோடு அமர்ந்து உண்ணலாமே.