ஏமாந்தவன் குற்றவாளியா?

"ஏமாற்றியவன் திருடன், ஏமாந்தவன் மடையன்!" எந்த ஊர்த் தேநீர்க் கடையிலும் கேட்கக்கூடிய தீர்ப்பு இது. வழக்கறிஞர் கிடையாது, வாய்தா கிடையாது, சாட்சி கிடையாது. தீர்ப்பு மட்டும் உடனடியாகக் கிடைத்துவிடுகிறது. பறித்தவனுக்கு ஒரு வசை. பறிகொடுத்தவனுக்கு ஒன்பது வசை! பேராசை பெருநட்டம் என்ற பழமொழியோடு வழக்கு முடிந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு அறத்தின்பாற்பட்டதா, அறிவின்பாற்பட்டதா என்று ஆராய்வோம்.

கோவையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையே இருக்கிறது பொங்கலூர். ஒருபுறம் விசைத்தறியின் ஓசை. மறுபுறம் கோழிப் பண்ணைக் கொட்டகைகள். பொழுது விடிந்தால் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை நோக்கி ஓடும் கூட்டம். உழைப்புக்கு அஞ்சாத வட்டாரம், சோம்பலை இகழும் வட்டாரம். இத்தகைய கொங்கு மண்ணில்தான், உழைத்துச் சேர்த்த பணத்தை ஒருமுறையல்ல, பலமுறை வாரிச் சென்றார்கள்.

2008, 2009ஆம் ஆண்டுகளில் திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் என்ற நிறுவனம், அந்நியச் செலாவணி வணிகத்தில் பணம் பெருகும் என்று ஆசை காட்டி, சுமார் 930 கோடி ரூபாயைத் திரட்டியது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2022 ஆகஸ்டில் கோவைத் தனி நீதிமன்றம் இயக்குநர் இருவருக்குத் தலா 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை கடுமையானதுதான். ஆனால் மகளின் திருமணத்துக்கென்று வைப்பு வைத்தவனுக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு எதைத் திருப்பித் தந்தது? மணநாளையா, மானத்தையா?

2012இல் பெருந்துறையில் ஈமு கோழித் திட்டம் சரிந்தது. ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினால் குஞ்சும் தருவோம், கொட்டகையும் போடுவோம், தீனியும் தருவோம், திங்கள்தோறும் ஆயிரக்கணக்கில் பணமும் தருவோம் என்றார்கள். திரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்து சிரித்தார்கள். நிறுவனத்தின் கதவு அடைபட்டபோது, பணம் கட்டியவன் தெருவில் நின்றான். பறவைகள் தீனியின்றித் துடித்தன.

இங்கேதான் பகுத்தறிவுத் தோழர்களில் சிலரே ஒரு கேள்வி எழுப்புகிறார்கள். "ஏன், எதற்கு, எப்படி என்று கேள் என்று ஊரெங்கும் சொல்லி வருகிறோமே! கேளாமல் கொடுத்தவனுக்காக ஏன் கண்ணீர்? சாமியாரிடம் ஏமாந்தவனும் சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தவனும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தானே?"

கேள்வி கூர்மையானது; ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஈமுவுக்குப் பணம் கட்டிய உழவன் உண்மையிலேயே சிந்திக்கவில்லையா? பல்லடம், பொங்கலூர் வட்டாரத்தில் பல்லாண்டுகளாகக் கறிக்கோழி ஒப்பந்த வளர்ப்பு நடந்து வருகிறது. நிறுவனம் குஞ்சு தருகிறது, தீனி தருகிறது. உழவன் கொட்டகை போட்டு வளர்க்கிறான். வளர்ந்த கோழியை நிறுவனமே எடுத்துக்கொண்டு வளர்ப்புக் கூலி தருகிறது. கூலி போதவில்லை என்ற குறை உண்டு; ஆயினும் அது மெய்யான தொழில், கண்கண்ட தொழில். அதே நடையில், அதே உடையில் ஈமு வந்து நின்றது! முதலில் கட்டிய அண்டை வீட்டானுக்கு மாதந்தவறாமல் பணமும் வந்தது. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வதுதானே அறிவின் இயல்பு? உழவனும் அதைத்தான் செய்தான். அவன் அறிவு பழுதுபடவில்லை. அந்த அறிவுக்கு ஊட்டப்பட்ட சான்று பொய்ச் சான்று. பின்னால் வந்தவனின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவனுக்குத் தந்துவிட்டு, அதை இலாபம் என்று காட்டினார்கள். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நாற்பத்தைந்து நாளில் ஐம்பது விழுக்காடு இலாபம் என்று சொல்லி சார்லஸ் பொன்சி செய்ததும் இதே வித்தைதான். படித்தோர் நிறைந்த அந்நகரமும் ஏமாந்தது. அறியாமை கொங்கு நாட்டின் தனிச் சொத்தன்று!

கண் இருந்தால் மட்டும் போதுமா? வெளிச்சம் வேண்டாமா? இருட்டறையில் அடைத்துவிட்டு, "உனக்குப் பார்வை இல்லையா?" என்று கேட்பது எவ்வகை நியாயம்? கணக்கேடு அவன் கையில். விளம்பரம் இவன் கண்ணில். பகுத்தறிவு தராசு போன்றது. தட்டில் வைப்பதை மறைத்துவிட்டால் தராசு என்ன செய்யும்?

தராசு என்றதும் ஓர் உண்மை நினைவுக்கு வருகிறது. மளிகைக் கடைக்குச் செல்லும் தாய்மார்கள் தம் கையில் எடைக்கல் எடுத்துச் செல்வதில்லை. ஏன்? கடையின் எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரையில்லாக் கல்லால் எடை போட்ட வணிகன் பிடிபட்டால், "வாங்கியவள் ஏன் விழிப்பாக இல்லை?" என்று எவரும் கேட்பதில்லை, வணிகனே தண்டிக்கப்படுகிறான். சமுதாயம் தன் கூட்டறிவைத் திரட்டி ஒரு கல்லில் பொறித்து வைத்திருக்கிறது; அதுவே முத்திரை. ஒரு படி அரிசிக்கு உள்ள இந்தக் காவல், ஓர் ஆயுட்காலச் சேமிப்புக்கு வேண்டாமா? கடனுக்கு, மின்சாரத்துக்கு, குடியிருக்கும் கூரைக்கு வேண்டாமா?

திருப்பூர்ப் பனியன் தொழிலாளியின் ஒரு வாரத்தைப் பாருங்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வருகிறது. குழுக்கடன் தவணை முதல் பங்கு கேட்கிறது. நுண்கடன் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதிக்குமேல் போகக்கூடாது என்றும், வசூலுக்காகக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொல்லை தரக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. விதி ஏட்டில் இருக்கிறது; வாசற்படியில் நிற்கும் வசூல்காரரிடம் அதைச் சுட்டிக்காட்ட, கடன்பட்ட பெண்ணுக்கு அதை எவர் சொன்னார்?

அடுத்த பங்கு வாடகைக்கு. ஓர் அறை, பொதுக் கழிப்பிடம், வரிசையாய் நிற்கும் லைன் வீடுகள். முதல் 100 அலகு மின்சாரத்துக்குக் கட்டணமில்லை என்று 2016இல் அரசு அறிவித்தது. ஆனால் தனி இணைப்பு இல்லாமல், வீட்டுக்காரர் வைத்த உள்மீட்டரில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு அந்தச் சலுகை பலவிடங்களில் எட்டுவதில்லை. அவர் சொல்வதே விலை, அவர் எழுதுவதே கணக்கு. ஏழைக்கென்று பாய்ச்சிய தண்ணீர், வாய்க்கால் வழியிலேயே வற்றிவிடுகிறது! வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதியப்பட வேண்டும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்து மிரட்டக்கூடாது என்கிறது 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஊசிமுனையில் உழைக்கும் தோழனுக்கு, அவன் மொழியில் இதைச் சொல்ல எவர் இருக்கிறார்?

"கையொப்பம் இட்டானே! விரும்பித்தானே இட்டான்?" என்பது எதிர்த்தரப்பின் இறுதி வாதம். பிள்ளைக்குக் காய்ச்சல், பெட்டியில் காசில்லை. நள்ளிரவில் நீட்டிய தாளில் வைத்த கைநாட்டு விருப்பமா, நெருக்கடியா? 2003இல் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றிற்று. 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை என்று மீண்டும் மீண்டும் மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் நெல்லை ஆட்சியர் அலுவலக வாயிலிலேயே தீக்கு இரையானார். சட்டம் இருந்தது, செவி இல்லை! பதினான்கு ஆண்டு வயதான சட்டத்தின் முன்னே வெந்து போயின அந்தப் பிஞ்சுகள். அவர்களும் பேராசைக்காரர்களா?

1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, நுகர்வோர்க்கு நான்கு உரிமைகள் உண்டு என்று பேரவைக்குச் செய்தி அனுப்பினார்: பாதுகாப்பு, தகவல், தேர்வு, செவிமடுக்கப்படுதல். இந்தியாவில் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2019இல் புதுவடிவம் பெற்றது. வைப்புப் பணத்துக்கென்று தமிழ்நாடு 1997இலேயே தனிச் சட்டம் கண்டது. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களையே தடை செய்து 2019இல் மத்தியச் சட்டமும் வந்தது. அதன் பிறகும், 2022இல் ஆருத்ரா நிறுவனத்தின்மீது இரண்டாயிரம் கோடிக்கு மேற்பட்ட மோசடி வழக்கு எழுந்தது! சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அவை வீடு வெந்த பின் வரும் தண்ணீராக இருப்பதே குறை.

ஆகவே கேட்கவேண்டியது இது: காவல் முன்னால் நிற்கட்டும். மக்களிடம் வைப்புத் திரட்டும் நிறுவனம், தான் அனுமதி பெற்றது என்பதை விளம்பரத்திலேயே மெய்ப்பிக்கட்டும். மெய்ப்பிக்காத விளம்பரத்தை வெளியிட்ட ஏடும், அதில் முகம் காட்டிய நட்சத்திரமும் பொறுப்பேற்கட்டும். கடன் பத்திரம் கடன் வாங்குபவரின் மொழியில், ஒரே பக்கத்தில், மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும் என்ற தொகையோடு இருக்கட்டும். வாடகைக் குடும்பத்துக்கும் மின்சலுகை நேரே சென்று சேரட்டும். ஏமாற்றவில்லை என்று காட்டும் சுமை, கணக்கேட்டைக் கையில் வைத்திருப்பவன் தோளில் ஏறட்டும்.

தோழர்களே! முன்பு, துன்புற்றவனைப் பார்த்து "உன் தலைவிதி" என்றார்கள். உலகைத் திருத்தும் வேலை மிச்சமாயிற்று. இன்று "உன் பேராசை" என்கிறார்கள். வேலை அதேபோல் மிச்சமாகிறது. விதியை விரட்டிய நாம், வேறு வேடத்தில் அது திரும்பி வந்தால் வாசல் திறக்கலாமா? படிப்பகம் தோறும் வாரம் ஒரு மாலை, கடன் சீட்டையும் வாடகைத் தாளையும் மின்கட்டண அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள், படித்துக் காட்டுங்கள், குறையிருந்தால் மனு எழுதிக் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணமே இல்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஏமாந்தவனைப் பார்த்து எள்ளி நகைப்பது எளிது. அவன் பக்கத்தில் அமர்ந்து அந்தத் தாளைப் படித்துக் காட்டுவதே பகுத்தறிவாளன் கடமை!