கண்ணும் கடமையும்

காணுதல் அறிதலுக்கு வழி. அறிதல் கடமைக்கு வாயில். பிறர் துன்பத்தைக் கண்டவன், காணாதவனைப் போல் ஒதுங்கிவிட இயலாது. இன்று மனிதன் வானில் ஒரு புதிய கண்ணை நிறுவியுள்ளான். ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியே அது. 2019 ஏப்ரல் 15 இல் பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயம் எரிந்தபோது, தீயணைப்புப் படையினர் அதனை மேலே செலுத்தித் தீ பரவும் போக்கை அறிந்து, நீரைச் செலுத்தவேண்டிய இடங்களைத் தெரிந்தனர். வெப்பத்தை உணரும் கருவி பொருத்தப்பெறின், புகைக்கு அப்பாலுள்ள கனலையும் அது காட்டும். உயிரைப் பணயம் வைத்து ஒருவன் அறியவேண்டியதை உயிரற்ற பொறி அறிந்து வருமாயின், அதன் அறப்பயன் ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

அப்பயன் கந்தப்பளைக்கும் உரியதே. நுவரெலியாவுக்குக் கிழக்கே தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பாத்திகளும் காப்புக்காடும் அடுத்தடுத்து அமைந்த மலைப்பகுதி அது. வறட்சிக் காலத்தில் சரிவிலுள்ள காய்ந்த புல் தீப்பற்றின், வண்டி ஏறாத இடத்தின் நிலையை அக்கண் உடனே உரைக்கும். ஆயின், மலையகத்தில் எரிவது புல் மட்டுமன்று, லயன்களும் எரிகின்றன. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளுள் ஒன்றில் ஏற்படும் மின்னொழுக்கு, அடுத்தடுத்த குடும்பங்களின் உடைமைகளையும் சாம்பலாக்கிவிடுகிறது. இக்குறையை அறிய வானூர்தி வேண்டுவதில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் தோன்றிய லயன் முறையின் இயல்பை யாவரும் அறிவர். அறிந்தும் செயற்படாமைக்குக் கண்ணின்மை காரணமாகாது.

கருவி தீயைக் காட்டவே வந்தது, வீடு கட்ட அன்று என ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு கருவிக்குப் பொருந்தும். அதனை ஏவுவோர்க்குப் பொருந்தாது. 'கங்காணி' என்னும் சொல் 'கண்காணி' என்பதன் திரிபு. ஆகவே, மேலிருந்து நோக்கும் கண் மலையகத்திற்குப் புதிதன்று. அக்கண் கொழுந்தின் நிறையை நோக்கியது. கொய்தவளின் கூரையை நோக்கவில்லை. பார்வை கூர்மையாகவே இருந்தது. யார் பொருட்டுப் பார்ப்பது என்பதிலேயே பிழை இருந்தது. தீயைத் தேட எழும் பொறி, நாளை தொழிலாளியின் ஓய்வு வேளையைக் கணக்கிடவும் பயன்படுத்தப்படலாம்.

எனவே, வானத்துக் கண்ணை வரவேற்கும் சமுதாயம் இரு கடப்பாடுகளை ஏற்றல் வேண்டும். ஒன்று, அது காக்கும் பணிக்கன்றிக் கண்காணிக்கும் பணிக்குப் பயன்படலாகாது. மற்றையது, அது காட்டும் குறையைக் களைதல். எரியும் லயனை வானிலிருந்து தெளிவாகக் காண்பது நன்றே. அறைக்கும் அறைக்கும் இடையே கூரைவரை ஒரு கற்சுவர் எழுப்புவது அதனினும் நன்று. முன்னையதைச் செய்தோம் என்பதால் பின்னையதிலிருந்து எவரும் விடுதலை பெறார்.