விசுவாசத்துக்கு வாரிசு உண்டா?

குடும்பத்தின் மூத்த தாய் ஒருவர் மறைந்த பின், அவருடைய விசுவாசம் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் தொடர்கிறது என்று நினைவு ஆராதனைகளில் சொல்வது வழக்கம். அன்பினால் எழும் இக்கூற்றைக் கூர்ந்து நோக்கினால், கிறிஸ்தவ இறையியலின் கடினமான கேள்வி ஒன்று அதனுள் இருப்பது தெரியும். விசுவாசம் என்பது ஒரு கொள்கையை மெய்யென ஏற்பது மட்டுமன்று, தன்னையே கடவுளிடம் ஒப்படைத்து அவரைச் சார்ந்து நிற்கும் உறவும் ஆகும். அவ்வுறவை ஒவ்வொருவரும் தாமே கொள்ள வேண்டும் என்றிருக்க, அதை நிலத்தையும் வீட்டையும் போல எழுதிவைத்துச் செல்ல இயலுமா? ஆயினும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும் இடத்தில் அவருடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லியே முன்னிறுத்துகிறது.

கைத்தறிக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடியில் இதற்கு உவமை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தறியும் நாடாவும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் சொத்தாகச் சேரும். அறுந்த பாவிழையைப் பிணைக்கும் கைப்பழக்கம் அப்படிச் சேராது, ஆனால் சிறுவயது முதல் தறியருகே இருந்து பார்த்தவருக்கு அது எளிதில் வாய்க்கும். அவ்வூருக்கு வடக்கே, பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் வாழ்ந்தவராகப் பெரியபுராணம் காட்டும் திலகவதியாரின் வரலாறு இதையே சைவ மரபில் உணர்த்துகிறது. மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மடிந்தபோது உயிர்விடத் துணிந்த அவர், தம்பி மருள்நீக்கியாருக்காகவே உயிர் தாங்கினார்; அத்தம்பியோ சமணம் தழுவி, இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் எனக் கருதப்படும் பாடலிபுத்திரத்தில் தருமசேனர் ஆனார். தமக்கை வாதிட்டு மீட்கச் செல்லாமல், விடியுமுன் கோயிலை அலகிட்டு மெழுகி, மலர் தொடுத்துச் சாத்தி, சிவனிடமே முறையிட்டிருந்தார். சூலை நோயோடு தம்பி தாமாகவே வந்து அடிபணிந்தபோது அவர் கொடுத்தது திருநீறு. அதைப் பூசிக்கொண்டு கோயிலுக்குள் சென்றவரே பின்னாளில் அப்பர் எனப் போற்றப்பட்டார்.

இதற்கு இணையாகக் கிறிஸ்தவ மரபில் நிற்பவர் அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா. ஒளிக்கும் இருளுக்கும் நிகழும் போராக உலகை விளக்கிய மானிகேயக் கொள்கையில் மகன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஈடுபட்டிருக்க, தாய் அழுது ஜெபித்துக் காத்திருந்தார். 387இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசிடம் மகன் ஞானஸ்நானம் பெற்றார். இறந்தோரை நினைப்பது குறித்து மோனிக்காவே பழையதொன்றை விடக் கற்றவர் என்பது இங்குக் கருதத்தக்கது. வட ஆப்பிரிக்க வழக்கப்படி இரத்தசாட்சிகளின் கல்லறைக்குக் கூழும் அப்பமும் திராட்சரசமும் கூடையில் கொண்டுசென்ற அவரை மிலானில் வாயிற்காவலர் தடுக்க, ஆயரின் ஆணை என அறிந்ததும் மறுப்பின்றிப் படையலைக் கைவிட்டதை மகன் பதிவு செய்கிறார். அதே ஆண்டு ஒஸ்தியா துறைமுகத்தில் 56ஆம் வயதில் இறக்கும் தறுவாயில், சொந்த ஊரில் கணவர் அருகே அடக்கம்பெறும் நெடுநாள் விருப்பத்தையும் விட்டு, பலிபீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றார்.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்பொருளை நன்கு விளக்குபவர் அன்னா சத்தியநாதன். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்ககாலத் தமிழ்க் குருவான ஜான் தேவசகாயத்தின் மகளாகிய அவர், குருவானவர் சத்தியநாதனை 1849இல் மணந்து, பின்னர்ச் சென்னையில் ஜெனானா பணி எனப்பட்ட, வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த பெண்களை நாடிச் சென்று கற்பிக்கும் பணியைச் செய்து, 1878இல் மறைந்தார். ‘நல்ல தாய்’ என்னும் நூலை எழுதிய அவருடைய குடும்பத்தில் விசுவாசம் ஒரே வடிவில் தொடரவில்லை: மருமகன் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் குருவானார், மகன் சாமுவேல் பேராசிரியரானார், சாமுவேலின் மனைவி கிருபாபாய் நாவலாசிரியரானார். கிருபாபாயின் ‘சகுணா’ நாவலில், கணவரின் மதமாற்றத்தைத் துயரத்தோடு பின்தொடர்ந்த தாய், காலம் சென்ற பிறகே தாமாக அவ்விசுவாசத்துக்கு வருகிறார்; ஒரே வீட்டுக்குள்ளும் விசுவாசம் தானாகப் பரவுவதில்லை என்பதற்கு இது சான்று.

ஆகவே நினைவுகூர்தலின் பொருளும் தெளிவாகிறது. கடலூர் வட்டாரக் கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில், உத்தரிக்கிற ஸ்தலம் எனப்படும் தூய்மைபெறும் நிலையிலுள்ள ஆன்மாக்களுக்காக மன்றாடுகின்றனர். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை சார்ந்திருக்கும் சீர்திருத்த மரபோ அக்கோட்பாட்டை ஏற்பதில்லை. அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கைக்கு ஆதரவாக 1531இல் மெலாங்க்தன் எழுதிய நூல், பரிசுத்தவான்களுக்குரிய கனம் மூன்று என்கிறது: அவர்களைத் தந்த கடவுளுக்கு நன்றி, அவர்கள் பெற்ற இரக்கத்தால் நம் விசுவாசம் உறுதிப்படுதல், அவர்களைப் பின்பற்றுதல். இதை வீட்டுத் தாய்க்குப் பொருத்தினால், முதலிரண்டும் நினைவு ஆராதனையிலேயே நிறைவேறக்கூடும். மூன்றாவது அங்கு முடிவதில்லை. குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் பாட்டியின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகிய நாள்களைப் பிள்ளைகள் எழுதிவிடலாம். ஆனால் அவர் மாலைதோறும் பாய்விரித்து நடத்திவந்த குடும்ப ஜெபத்துக்கு அவ்வேதாகமத்தை இனி எடுத்து வருபவர் யார் என்பதில்தான் அவருடைய விசுவாசம் தொடர்கிறது என்ற கூற்று மெய்யாகும்.