திருட்டுப் பொருளும் தெரியாமல் வாங்கியவரும்

திருடியவன் குற்றவாளி. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால், திருட்டுப் பொருள் என்று அறியாமல் முழுக் கிரயமும் கொடுத்து அவனிடம் வாங்கியவரின் நிலை என்ன? பொருள் அவருக்குச் சொந்தமாகி விடுமா? உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா? கொடுத்தால் அவர் போட்ட பணத்துக்கு யார் பொறுப்பு? சந்தையில் மாடு பிடிப்பவருக்கும் பழைய நகை வாங்குபவருக்கும் எழக்கூடிய இதே கேள்வி நாடுகளுக்கிடையிலும் எழுந்திருக்கிறது. அதுவும் நம் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் காரணமாக.

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் உள்ளது ஸ்ரீபுரந்தான். அங்குள்ள சோழர் காலத்துச் சிவன் கோவிலிலிருந்து 2006ஆம் ஆண்டு வாக்கில் வெண்கலச் சிலைகள் களவு போயின. அப்போது அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. கோவில் பூட்டிக் கிடந்ததால் திருட்டு நடந்ததே பிறகுதான் தெரிய வந்தது. அச்சிலைகளில் ஒன்றான நடராஜரை, நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் என்ற வியாபாரியிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் 2008ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை வெகு காலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் தாள்களும் கூடவே வந்தன. அத்தனையும் பொய். 1994ல் சிலை கோவிலுக்குள்ளேயே இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படம் சாட்சி சொன்னது.

நம் நாட்டு நீதிமன்றத்தின் ஆணை ஆஸ்திரேலியாவில் செல்லாது. அங்கே போய்ப் பொருளைப் பறித்து வர நம் போலீசுக்கு அதிகாரமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வாக்குறுதிதான். கலைச் செல்வங்களைக் கள்ளத்தனமாகக் கடத்துவதைத் தடுக்க யுனெஸ்கோ 1970ல் ஓர் உடன்படிக்கை செய்தது. அதில் இந்தியா 1977லும் ஆஸ்திரேலியா 1989லும் சேர்ந்தன. இந்திய அரசு 2014ல் முறைப்படி கோரிக்கை வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுடில்லிக்கு வந்து, சிலையைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.

கட்டாயப்படுத்த ஆளில்லாத சட்டம் ஒரு சட்டமா என்று கேட்போர் உண்டு. சர்வதேசச் சட்டம் என்பது வெறும் நன்னெறியே தவிர உண்மையில் சட்டமன்று என 19ஆம் நூற்றாண்டில் ஜான் ஆஸ்டின் என்ற ஆங்கில அறிஞர் வாதிட்டார். நமக்கு இந்த வாதம் அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை. ஹுதைபிய்யாவில் ஒப்பந்தம் எழுதப்பட்டுக் கொண்டிருக்கையிலேயே, அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் விலங்கோடு தப்பி வந்து அடைக்கலம் கேட்டார்கள். ஸஹாபாக்களின் நெஞ்சு கொதித்தது. அப்படியிருந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த வாக்கை மீறவில்லை. அங்கே எந்தப் போலீஸ் நின்றது? பிற சமூகத்தாரோடு செய்யும் உடன்படிக்கைகளின் சட்டத்தை 'ஸியர்' என்ற பெயரில் இமாம் முஹம்மது ஷைபானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டிலேயே நூலாக எழுதியதும், வாக்குறுதி கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கையில்தான்.

அந்தக் கட்டுப்பாடு நமக்கும் உண்டு. சுபாஷ் கபூர் 2011ல் பிராங்க்பர்ட்டில் பிடிபட்டார். ஜெர்மனி 2012ல் அவரை இந்தியாவிடம் ஒப்படைத்தது. எந்தக் குற்றத்துக்காக ஒருவர் ஒப்படைக்கப்பட்டாரோ, அதற்காக மட்டுமே அவரை விசாரிக்கலாம் என்பது நாடுகளிடையே உள்ள பொது விதி. கையில் கிடைத்துவிட்டான் என்பதற்காகக் கண்ட வழக்கையெல்லாம் சுமத்த முடியாது. 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

வாங்கியவரிடம் வருவோம். பிக்ஹு நூல்களில் 'கஸ்பு' பாடத்தைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். திருட்டுப் பொருள் எத்தனை கை மாறினாலும் உரியவருக்கே சொந்தம். வாங்கியவர் தம் பணத்துக்கு விற்றவனைத்தான் பிடிக்க வேண்டும். உலக நாடுகளின் சட்டம் இப்படி ஒரே குரலில் பேசுவதில்லை. இங்கிலாந்தில் ஒருவரிடம் திருடிய ஜப்பானியக் கலைப்பொருட்களை இத்தாலியில் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கினார். அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது பழைய சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தார். இத்தாலியச் சட்டப்படி வாங்கியவருக்கே உரிமை என்று 1979ல் ஆங்கில நீதிமன்றம் கூறிவிட்டது. 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையும், குற்றமறியாமல் வாங்கியவருக்குத் திருப்பிக் கேட்கும் நாடு நியாயமான ஈடு தர வேண்டும் என்கிறது. பறிகொடுத்தவரே பணமும் கொடுக்க வேண்டுமாம்! ஆஸ்திரேலியக் காட்சியகமோ விற்றவர் மீதே நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. அதுதான் முறை. அத்துடன், அரைக் கோடி டாலர் கொடுப்பவர், இது எந்தக் கோவிலில் இருந்தது என்று அந்த ஊரில் விசாரிக்காமல் இருந்துவிட்டு 'அறியேன்' என்று சொன்னால் அது எப்படி அறியாமையாகும்?

கோவில் சிலையைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், தம்மைக் கொல்லத் துணிந்த மக்கத்துக் குறைஷிகளின் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றார்கள். உரியவர் யாரை வணங்குகிறார் என்பது அங்கே பார்க்கப்படவில்லை.

தீராத வழக்கு வேறொன்று உண்டு. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொண்டு செல்லப்பட்ட திப்பு சுல்தானின் மரப்புலி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடன்படிக்கை பின்னோக்கிச் செல்லாததால் அது இதற்குப் பொருந்தாது. ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். தண்டிப்பதற்கு அது சரி. திருப்பிக் கொடுப்பது தண்டனை அல்லவே! ஸ்ரீபுரந்தானுக்கு 1994ஆம் ஆண்டின் புகைப்படம் இருந்தது. வாங்கிய நாடும் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தது. இவ்விரண்டும் இல்லாத பொருட்களைப் பற்றித்தான் நாடுகள் இன்னும் பேசிக் கொண்டிருக்கின்றன.