பாட்டிகிட்ட கேட்டீங்களா?



முருக சொந்தங்களே, இன்னைக்கு எழுதப்போறது கொஞ்சம் கஷ்டமான விஷயம். பொறுமையா படிங்க.

போன வருஷம் பங்குனியில, குமாரகோவில்ல வள்ளி திருக்கல்யாணம் நடந்த வாரம், நெய்யூர்ல எங்க பாட்டிக்கு ரெண்டாவது தடவை பக்கவாதம் வந்துச்சு. வயசு 84. ஆஸ்பத்திரியில வென்டிலேட்டர் போட்டாங்க. நாலாவது நாள் டாக்டர் கேட்டார்: "இனி நினைவு திரும்புறது கஷ்டம். இப்படி ஒரு நிலைமை வந்தா என்ன செய்யணும்னு பாட்டி முன்னாடி ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

மாமா, அம்மா, சித்தி யாரும் வாய் திறக்கல. ஆனா எனக்குத் தெரியும். ஒரு சஷ்டி அன்னைக்கு பாட்டி என்கிட்ட சொல்லியிருந்தாங்க: "மக்ளே, என்னைய குழாயெல்லாம் மாட்டி கெடத்தாண்டாம். அவன் கூப்பிட்டா விட்டிரணும்." நான் "சும்மா இருங்க பாட்டி"னு சிரிச்சு மழுப்பிட்டேன். ஐசியு வாசல்லயும் நான் அதைச் சொல்லல. சொன்னா பாட்டியை நானே அனுப்பிவச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயம். பதினோராவது நாள் பாட்டி போயிட்டாங்க.

அந்தப் பயம் சரியா? அதைத்தான் இத்தனை நாளா யோசிக்கிறேன்.

அருணகிரிநாதர் கதை நமக்குத் தெரியும். வாழ்க்கை வெறுத்து திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து குதிச்சவரை முருகன் தாங்கிப் பிடிச்சார். உயிர் அவன் கொடுத்தது, தூக்கி எறிய நமக்கு உரிமை இல்லை என்பதுதான் அதில் பாடம். ஆனால் அதே அருணகிரியார் திருப்புகழில் எத்தனையோ இடங்களில், எமன் வரும் நேரத்தில் மயிலேறி வந்து பயம் தீர்க்கணும்னு வேண்டுகிறார். கடைசி நேரம்னு ஒண்ணு வரும் என்பதை அவர் மறைக்கவே இல்லை. அப்போ துணைக்கு வான்னுதான் கேட்கிறார்.

எங்க ஊர் கதை ஒண்ணும் உண்டு. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கினது. அங்க பல வருஷம் வேலை பார்த்த சோமர்வெல் டாக்டர் எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924-ல் இறங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நின்னு, சாகப்போறோம்னு பனியில உட்கார்ந்துட்டார். கடைசியா ஒரு முயற்சி, நெஞ்சை அழுத்தி இருமினார், அடைப்பு வெளிய வந்துச்சு. அப்படித் திரும்பக் கிடைச்ச மூச்சுலதான் நம்ம ஜனங்களுக்கு அத்தனை ஆபரேஷன் செஞ்சார். மீள வழி இருக்கும்போது ஒரு மூச்சைக்கூட விடக்கூடாது.

மீள வழியே இல்லைன்னா? இங்கதான் ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது.

விருதுநகர், மதுரை, தேனி பக்கம் 'தலைக்கூத்தல்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. படுத்த படுக்கையா கிடக்கிற முதியவருக்கு எண்ணெய் தேய்ச்சு குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து கதையை முடிச்சிடுறது. சட்டப்படி அது கொலை. அதைப் பத்தி வந்த படத்துக்குப் பேரே 'பாரம்'. இன்னொரு பக்கம், "நாலு பேர் என்ன சொல்வாங்க"ன்னு பயந்து, பலன் இல்லைன்னு தெரிஞ்சும் மெஷினை மாட்டியே வச்சிருக்கோம். முதலாவது கொடுமை, ரெண்டாவது பாசம். ரெண்டும் ஒண்ணு இல்லைதான். ஆனா ரெண்டுலயும் அந்தப் பெரியவங்ககிட்ட யாரும் கேட்கல.

கேட்டு எழுதிவைக்க இன்னைக்கு சட்டத்தில் வழி இருக்கு. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதின்னு சொல்லி 'லிவிங் வில்'லை ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. புத்தி தெளிவா இருக்கும்போது, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். அப்பவும் ரெண்டு மருத்துவக் குழு பார்த்து ஒத்துக்கிட்டாதான் சிகிச்சையை நிறுத்த முடியும். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு இதில் இடமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. "உங்களுக்கு பாரமா இருக்க மாட்டேன்"னு பெரியவங்க சொன்னா, உடனே பேப்பரை நீட்டாதீங்க. அது அவங்க ஆசையா, இல்லை நம்ம மூஞ்சியைப் பார்த்து வந்த வார்த்தையான்னு யோசிங்க. முதல்ல வலியைக் குறைங்க, பக்கத்துல உட்காருங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வலி தணிப்பு சிகிச்சை வீட்டுக்கே வருது. அதுக்கப்புறமும் அவங்க அதையே சொன்னா, அதுதான் அவங்க வார்த்தை.

மனசு உடைஞ்சு 'போதும்'னு தோணுறது வேற. அப்படி யாருக்காவது இருந்தா இப்பவே 14416-க்கு பேசுங்க. முருகன் தாங்குற கை சில நேரம் போன்லயும் வரும்.

பாட்டி சொன்னதை நான் டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியாது. சொல்லியிருக்கணும், அது மட்டும் தெரியும். உங்க வீட்டுப் பெரியவங்க அந்தப் பேச்சை எடுத்தா என்னை மாதிரி சிரிச்சு மழுப்பாதீங்க. திருநீறு பூசிட்டு பக்கத்துல உட்கார்ந்து முழுசா கேளுங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!